என்ஜாய் டு ஸ்விம் ஏன் தப்பு, வாண்ட் டு ஸ்விம் மட்டும் எப்படி சரி?

தங்கச்சி, நீங்க தொண்டியில இருந்து கேட்டத சுருக்கிச் சொன்னா நாலு விஷயம். 'ஐ லவ் டு ஸ்விம்' சரின்னா 'ஐ என்ஜாய் டு ஸ்விம்' எப்படி தப்பாகும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு'ன்னு டு வந்தப்புறம் 'மீட்' தானே வரணும், ஏன் 'மீட்டிங்'னு எழுதச் சொல்றாங்க. ஸ்டாப்புக்கு அப்புறம் டு வந்தா என்ன, இங் வந்தா என்ன. 'ஐ வென்ட் டு ராம்நாடு ஃபார் பையிங் எ புக்'ல என்ன குத்தம். பேங்க் எக்ஸாமுக்கு கோச்சிங்ல குடுத்த லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணியும் ஹால்ல உக்காந்தா எது எந்தப் பக்கம்னு மாறிப்போகுதுன்னு வேற சொல்லியிருக்கீங்க. மாறத்தான் செய்யும். அகராதி வரிசையில வெர்புகள அடுக்கி இந்தப் பக்கம் இங், அந்தப் பக்கம் டுன்னு குடுத்தா யாருக்கும் நிக்காது.

ஒண்ணு மட்டும் முதல்ல பிடிச்சுக்கங்க. ஒரு வெர்பு இங் வாங்குமா டு வாங்குமாங்கறத அந்த வெர்பு முடிவு பண்றதில்ல, அதுக்கு முன்னாடி நிக்கிற வார்த்தைதான் முடிவு பண்ணுது. 'ஸ்விம்'முக்குன்னு தனியா எந்த விருப்பமும் கிடையாது. முன்னாடி 'என்ஜாய்' வந்தா 'ஸ்விம்மிங்', 'வாண்ட்' வந்தா 'டு ஸ்விம்', 'குட் அட்' வந்தா மறுபடி 'ஸ்விம்மிங்', 'லெட் மி' வந்தா வெறும் 'ஸ்விம்'. நம்ம பிள்ளைக என்ன பண்ணுதுக, தமிழ்ல இது 'நீந்த'வா 'நீந்துறது'வான்னு யோசிச்சு அந்த உருவத்த அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போகுதுக. கண்ணு பூரா பின்னாடி வர்ற வெர்பு மேல, விடை இருக்கிறது முன்னாடி.

தமிழ நினைக்கவே கூடாதுன்னு சொல்லல, சில இடத்துல தமிழ் அருமையா கை குடுக்கும், சில இடத்துல நல்லா கவுத்து விடும், எங்க எதுன்னு தெரிஞ்சா போதும். பள்ளிக்கூடத்துல தொழிற்பெயர்னு படிச்சிருப்பீங்க, நீந்துதல், நீந்துறது, அதுல ஐ, கு, இல் எல்லா உருபும் ஒட்டும்: நீந்துறதை, நீந்துறதுக்கு, நீந்துறதுல. இங்கிலீஷ் ஜெரண்ட், அதாவது பேரா வேலை செய்யிற இங், பெரும்பாலும் இந்த வகை. செய்ய, போக, நீந்தன்னு வர்ற வினையெச்சம் இருக்குல்ல, அது இன்ஃபினிடிவுக்கு, அதாவது டு போட்ட வெர்புக்கு, கிட்டத்தட்ட பக்கத்துல வரும். கிட்டத்தட்டதான். ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்திப் போற மாதிரி இருந்தா உங்க கேள்விக்கே வேலை இல்லாமப் போயிருக்கும்.

நாலாவது கேள்விய முதல்ல எடுக்குறேன், ஏன்னா நம்ம ஊருப் பக்கம் அதிகமா காதுல விழுற தப்பு இதுதான். 'மீன் வாங்குறதுக்கு பாம்பன் போனேன்'னு தமிழ்ல சொல்றோம், அந்த 'க்கு' உடனே 'ஃபார்' ஆயிடுது, 'வாங்குறது' 'பையிங்' ஆயிடுது, 'ஐ வென்ட் டு பாம்பன் ஃபார் பையிங் ஃபிஷ்' ரெடி. ஒரு ஆள் எதுக்காக ஒரு காரியம் பண்ணான்ங்கற நோக்கத்தச் சொல்லணும்னா இங்கிலீஷ்ல டு தான். 'ஐ வென்ட் டு பாம்பன் டு பை ஃபிஷ்'. உங்க வாக்கியம் 'ஐ வென்ட் டு ராம்நாடு டு பை எ புக்'. ரெண்டு டு பக்கத்துல வருதேன்னு கூச்சப்பட வேணாம், முதல் டு ஊருக்குப் போட்டது, ரெண்டாவது காரியத்துக்குப் போட்டது. வெறும் பேர் வந்தா ஃபார் போடலாம், 'ஐ வென்ட் ஃபார் எ புக்' சரி, வெர்பு வந்ததும் டு-வுக்கு மாறிடணும்.

அப்ப ஃபார் கூட இங் வரவே வராதான்னா, வரும், வேற வேலைக்கு. ஒரு பொருள் எதுக்குப் பயன்படுதுன்னு சொல்லும்போது: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்'. ஏற்கனவே நடந்த ஒண்ணுக்கு நன்றியோ, மன்னிப்போ, திட்டோ, ஃபைனோ வரும்போது: 'தேங்க் யூ ஃபார் கமிங்', 'சாரி ஃபார் பீயிங் லேட்', 'ஹி வாஸ் ஃபைன்ட் ஃபார் பார்க்கிங் ஆன் த பிரிட்ஜ்'. இந்தக் கடைசி ரகத்துல நோக்கம் கிடையாது பாருங்க, அவன் ஃபைன் கட்டணும்னு நிறுத்தல, நிறுத்துனதுக்கு ஃபைன் விழுந்துச்சு. அந்த ஒரு வித்தியாசத்த கவனிச்சா ஃபார் எங்க, டு எங்கன்னு சண்டையே வராது.

இதோட ஒட்டுன ஒரு சின்ன விஷயம், மீன்பிடிக்கப் போறதுக்கு 'கோ ஃபிஷிங்'னுதான் சொல்லுவாங்க, அதே மாதிரி கோ ஸ்விம்மிங், கோ ஷாப்பிங். வெளிய போய் பண்ற சில காரியங்களுக்குத்தான் இது, படிக்கப் போனேன்னு சொல்ல 'ஐ வென்ட் ஸ்டடியிங்'னு நீட்டிடாதீங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி. இங்கிலீஷ்ல இந்த ஒரு ரூல்தான் கிட்டத்தட்ட ஓட்டை இல்லாதது: ப்ரிப்போசிஷனுக்கு அப்புறம் வெர்பு வந்தா இங் போடணும். இன், அட், ஆஃப், ஃப்ரம், வித்தவுட், பை, பிஃபோர், ஆஃப்டர், எது வந்தாலும் சரி. 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்', 'குட் அட் மெண்டிங் நெட்ஸ்', 'ஹி லெஃப்ட் வித்தவுட் டெல்லிங் எனிபடி', 'பிஃபோர் கோயிங் டு ஸீ'. இங்க தமிழும் ஒத்துப்போகும், கத்துக்கிறதுல ஆர்வம், வலைய சரி பண்றதுல கெட்டிக்காரன், போறதுக்கு முன்னாடி, எல்லாத்துலயும் 'றது' உக்காந்திருக்கு பாத்தீங்களா. வித்தவுட் மட்டும்தான் தமிழ்ல 'சொல்லாம'ன்னு வேற மாதிரி வரும்.

பிரச்சனை என்னன்னா டு-ங்கறது ரெண்டு வேஷம் போடுது. 'வாண்ட் டு கோ'ல அது வெர்போட ஒட்டுன டு, பின்னாடி வெறும் வெர்பு வரும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு'ல அது ப்ரிப்போசிஷன், இன், அட் கூட்டத்தச் சேர்ந்தது, அதனால இங். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா டு-வுக்குப் பின்னாடி 'இட்'னு போட்டு சொல்லிப் பாருங்க. 'ஐ அம் லுக்கிங் ஃபார்வர்டு டு இட்', நல்லா இருக்கு, அப்ப ப்ரிப்போசிஷன், அப்ப 'மீட்டிங் யூ'. 'ஐ வாண்ட் டு இட்', கேக்கவே நல்லா இல்ல, அப்ப சாதா டு, 'டு மீட் யூ'. ஆப்ஜெக்ட் டு, கமிட்டட் டு, அடிக்டட் டு, இன் அடிஷன் டு, வென் இட் கம்ஸ் டு, எல்லாம் இந்த சோதனையில ஜெயிச்சு இங் வாங்கும். 'ஹி இஸ் அடிக்டட் டு வாட்சிங் ரீல்ஸ்'. ஏமாத்துற வார்த்தை ஒண்ணு இருக்கு, அக்ரீ: 'ஐ அக்ரீட் டு இட்'னு சொல்லலாம், ஆனாலும் வெர்பு வந்தா 'ஐ அக்ரீட் டு கோ' தான். அத தனியா முடிஞ்சு வச்சுக்கங்க.

இதுல பெரிய கண்ணிவெடி 'யூஸ்டு டு'. மூணு தினுசு இருக்கு, மூணையும் எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது வாக்கியத்துல தப்பக் கண்டுபிடிக்கிற கேள்வியில, போடுவாங்க. 'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு கோ டு தனுஷ்கோடி பை டிரெயின்', இது முன்னாடி வழக்கமா போவாரு, இப்ப இல்லன்னு அர்த்தம், 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் அங்க ரயிலும் இல்ல, அதனால இந்த வாக்கியத்துக்கு இதவிட பொருத்தமான ஊரு கிடைக்காது. இதுல வெறும் வெர்பு. 'ஹி இஸ் யூஸ்டு டு ஸ்லீப்பிங் ஆன் த போட்', இது படகுலயே தூங்கிப் பழகிட்டாருன்னு அர்த்தம், முன்னாடி இஸ் இருக்கு, 'ஹி இஸ் யூஸ்டு டு இட்'னும் சொல்லலாம், அதனால இங். மூணாவது 'திஸ் ரோப் இஸ் யூஸ்டு டு டை த போட்', இது படகு கட்டப் பயன்படுற கயிறு, இங்கயும் முன்னாடி இஸ் இருக்கு ஆனா இது பயன்படுத்தறதுங்கற யூஸ், பின்னாடி வர்றது நோக்கம், அதனால வெறும் வெர்பு. இஸ் இருந்தா இங்னு குருட்டுப் பாடமா வச்சுக்கிட்டவங்க கயிறுல தடுக்கி விழுவாங்க. பழகிப் போச்சுங்கறது ஆளுக்கு, பயன்படுதுங்கறது பொருளுக்கு, அத வச்சுப் பிரிங்க.

சரி, முதல் கேள்வி, எல்லாருக்கும் தலைவலி குடுக்குற இடம். வெர்புக்கு அப்புறம் வெர்பு.

லிஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போக்கு சொல்றேன். பழைய இங்கிலீஷ்ல, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, இந்த வெர்பு டு-வும் திசை காட்டுற டு தான், ஒண்ண நோக்கி அப்படிங்கற அர்த்தம். அந்த வாசனை இன்னும் போகல. அதனால இன்னும் நடக்காத, முன்னாடி கிடக்குற காரியத்தப் பாத்து கை நீட்டுற வெர்பெல்லாம் டு-வப் பிடிச்சுக்கிச்சு: வாண்ட், ஹோப், டிசைட், பிளான், பிராமிஸ், ஆஃபர், ரெஃப்யூஸ், எக்ஸ்பெக்ட், அக்ரீ. வர ஆசை, வர முடிவு, வர்றதா வாக்கு, வர மாட்டேன்னு மறுப்பு, எதுவுமே இன்னும் நடக்கல பாருங்க. இங் பக்கம், நடந்துக்கிட்டு இருக்கிற, நடந்து முடிஞ்ச, இல்ல கையில எடுத்துப் பாக்குற ஒரு பொருள் மாதிரி இருக்கிற காரியம்: என்ஜாய், ஃபினிஷ், கீப், கிவ் அப், அட்மிட், டினை, மிஸ், பிராக்டிஸ். நீந்தாம நீந்துறத என்ஜாய் பண்ண முடியாது, சாப்பிடாம சாப்பிட்டு முடிக்க முடியாது, திருடாதவன் திருடினத ஒத்துக்க மாட்டான். அதான் 'ஐ என்ஜாய் ஸ்விம்மிங்'.

ஆனா இத சட்டம்னு நம்பி கண்ண மூடிட்டு எழுதிடாதீங்க, எனக்குத் தெரிஞ்சு நிறைய பேர் இந்த வித்தைய சொல்லிக் குடுத்துட்டு ஓட்டைய சொல்லாம விட்டுடுறாங்க. போஸ்ட்போன், கன்சிடர், சஜஸ்ட், ரிஸ்க், அவாய்ட், இமேஜின், இதெல்லாம் பெரும்பாலும் நடக்காத காரியத்தப் பத்தித்தான் பேசுது, ஆனா எல்லாம் இங். 'தே போஸ்ட்போன்ட் கோயிங் டு ஸீ', 'ஐ அம் கன்சிடரிங் பையிங் எ ஸ்கூட்டி'. அதே மாதிரி மேனேஜ், ஃபெயில், ப்ரிடெண்ட், டெண்ட், இதுல எதிர்காலமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா டு. 'ஹி மேனேஜ்ட் டு ரீச் த ஷோர்'. கரைக்கு வந்தே சேந்துட்டான், இன்னும் எங்க எதிர்காலம். அதனால அந்தப் போக்க திசைகாட்டியா வச்சுக்கங்க, கரை எங்க இருக்குன்னு ஒரு குத்துமதிப்பு சொல்லும், பாறை எங்க இருக்குன்னு சொல்லாது. பாறைகள, அதாவது மேல சொன்ன போஸ்ட்போன் கூட்டத்தையும் மேனேஜ் கூட்டத்தையும், தனியா பழக வேண்டியதுதான், மொத்தமே ஒரு பத்துப் பதினஞ்சு தேறும், அகராதி வரிசை லிஸ்ட்டு முழுக்க தேவையில்ல.

தமிழ் கவுக்குற இடம் இங்கதான் அதிகம். 'போறதுன்னு முடிவு பண்ணேன்'னு சொல்றோமா, உடனே 'டிசைடட் கோயிங்'னு வருது, தப்பு, 'டிசைடட் டு கோ'. 'வர்றதா சத்தியம் பண்ணான்', 'பிராமிஸ்டு டு கம்'. 'நீச்சல் அடிக்கிறத கத்துக்கிட்டேன்', அதுவும் 'லேர்ன்ட் டு ஸ்விம்'. மறுபக்கம், 'சாப்பிட்டு முடிச்சேன்'ல 'றது'வும் கிடையாது, 'செய்ய' மாதிரி உருவமும் கிடையாது, சாப்பிட்டுங்கற எச்சம் வருது, அதனால இங்கிலீஷ்ல என்ன போடறதுன்னு தெரியாம 'ஃபினிஷ்ட் டு ஈட்'னு ஊகிக்கிறாங்க. 'ஃபினிஷ்ட் ஈட்டிங்'. 'கேட்டுக்கிட்டே இருந்தான்' இருக்குல்ல, அந்த 'கிட்டே இருந்தான்'தான் கீப், 'ஹி கெப்ட் ஆஸ்கிங்'. இத ஒரு தடவ மனசுல கோர்த்துட்டா கீப்புக்கு அப்புறம் டு போடவே கை வராது.

மைண்ட் பத்தி ஒரு வார்த்தை, இன்டர்வியூவுக்குப் போற பிள்ளைகளுக்கு உதவும். 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங் அவுட்சைட்?'னு கேப்பாங்க, மைண்டுக்கு அப்புறம் எப்பவும் இங், அது சரி, ஆனா பதில் 'யெஸ்'னு சொல்லிடாதீங்க. வெளிய காத்திருக்கிறதுல உங்களுக்கு சங்கடம் உண்டான்னுதான் கேள்வி, யெஸ்னா ஆமா சங்கடம்னு ஆயிடும். 'நாட் அட் ஆல்'னு சொல்லிட்டு போய் உக்காருங்க.

சஜஸ்ட்டுக்கு தனியா கொஞ்சம் இடம் குடுக்கணும், ஏன்னா எக்ஸாம்ல இத விடவே மாட்டாங்க. 'ஹி சஜஸ்டட் மி டு கோ'ன்னு நம்ம ஆளுக எல்லாருமே சொல்லுவாங்க, டெல், ஆஸ்க், அட்வைஸ் எல்லாம் அப்படி வருதே, 'ஹி டோல்ட் மி டு கோ', 'ஹி அட்வைஸ்டு மி டு கோ', அப்ப இதுவும் அப்படித்தானேன்னு. இல்ல. சஜஸ்ட்டுக்கு அப்புறம் ஆளும் டு-வும் சேந்து வராது. 'ஹி சஜஸ்டட் கோயிங்', இல்லாட்டி 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ'. தமிழ்ல பிரிச்சுப் பாருங்க, அழகா விழும்: 'போகச் சொன்னான்'னா டெல், டு போடணும். 'போகலாம்னு சொன்னான்'னா சஜஸ்ட், இங் போடணும். அந்த 'லாம்னு' காதுல விழுந்தா இங். ரெகமண்டும் அட்வைஸும் ரெண்டு பக்கமும் போகும், ஆள் பேர் இல்லாட்டி இங், 'தே அட்வைஸ் பையிங் டிக்கெட்ஸ் எர்லி', ஆள் இருந்தா டு, 'தே அட்வைஸ்டு அஸ் டு பை டிக்கெட்ஸ் எர்லி'. அலவ்வும் அப்படியே, 'தே டோண்ட் அலவ் பேதிங் ஹியர்', 'தே டோண்ட் அலவ் அஸ் டு பேத் ஹியர்'.

இனி மூணாவது, ஸ்டாப். பாம்பன் ரோட்டுப் பாலம் தெரியும்ல, 1988ல திறந்தது, அதுல போற டூரிஸ்ட் வண்டி பாதிப் பேரு நடுவுல நிறுத்தி இறங்கிடுவாங்க, கீழ 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் தூக்குப் பாலத்த போட்டோ எடுக்கணுமே. 'தே ஸ்டாப்டு டு டேக் போட்டோஸ்'. போட்டோ எடுக்க நின்னாங்க. போலீஸ் வந்து விசில் அடிச்சதும் 'தே ஸ்டாப்டு டேக்கிங் போட்டோஸ்'. எடுக்குறத நிறுத்துனாங்க. தமிழ்ல எடுக்க, எடுக்குறத, இந்த ரெண்டே பிரிச்சுக் குடுத்துடுது. உண்மையச் சொன்னா ஸ்டாப் ரெண்டு உருவம் எடுக்குற வெர்பே இல்ல. நிறுத்துற காரியத்துக்கு அது இங் மட்டும்தான் எடுக்கும். 'டு டேக்'ங்கறது ஸ்டாப்போட சேந்தது இல்ல, அது மேல சொன்ன நோக்கத்து டு, 'டு பை எ புக்' மாதிரி வந்து ஒட்டிக்கிட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அதப் பத்தி ஒரு பிள்ளை 'த டிராலர்ஸ் ஸ்டாப் டு ஃபிஷ்'னு எழுதுச்சு, விசைப்படகெல்லாம் தடைக்காலத்துல மீன் பிடிக்கிறதுக்குன்னே போய் நிக்குதுன்னு ஆயிடுச்சு, அத மீன்வளத்துறை படிச்சா கேஸ் போட்டுடும். 'ஸ்டாப் ஃபிஷிங்'.

நிஜமாவே ரெண்டு உருவமும் எடுத்து அர்த்தம் மாறுற வெர்புன்னா ரிமெம்பர், ஃபர்கெட், ரிக்ரெட், ட்ரை. இதுல தமிழ் மாதிரி துணை கிடையாது, ரசிச்சுப் படிங்க. கடலுக்குப் போற முன்னாடி மீன்வளத்துறைகிட்ட டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, வாங்கணும்ல. 'ரிமெம்பர் டு டேக் த டோக்கன்', டோக்கன் எடுக்க மறந்துடாதன்னு ஞாபகப்படுத்துறோம், எடுக்கிறது இனிமேதான். 'ஐ ரிமெம்பர் டேக்கிங் த டோக்கன்', டோக்கன் எடுத்தது ஞாபகம் இருக்கு, ஆனா எங்க வச்சேன்னு தெரியல. பாருங்க, 'எடுக்க' வந்தா டு, 'எடுத்தது' வந்தா இங். ஃபர்கெட்டும் அதே: எடுக்க மறந்துட்டேன், 'ஐ ஃபர்காட் டு டேக் இட்', எடுத்தத மறக்கவே மாட்டேன், 'ஐ வில் நெவர் ஃபர்கெட் டேக்கிங் இட்'. ரெண்டாவது உருவம் பெரும்பாலும் இந்த 'நெவர் ஃபர்கெட்' சேர்க்கையிலதான் பாப்பீங்க. ரிக்ரெட்: கவர்மெண்ட் லெட்டர்ல 'தெரிவிக்க வருந்துகிறோம்'னு வரும் பாருங்க, அதேதான் 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ', கெட்ட சேதிய இப்பத்தான் சொல்லப் போறாங்க. படகை வித்துட்டு இப்ப வருத்தப்படுறாருன்னா 'ஹி ரிக்ரெட்ஸ் செல்லிங் த போட்', வித்ததுக்கு வருத்தம், வித்து முடிஞ்சாச்சு. த, து-ன்னு இறந்தகாலம் தமிழ்ல தெரியுது, இங்கிலீஷ்ல அத இங் தூக்கிச் சுமக்குது.

ட்ரை கொஞ்சம் நுணுக்கம். என்ஜின் கிளம்பல. 'வி ட்ரைட் டு ஸ்டார்ட் த என்ஜின்', கிளப்ப முயற்சி பண்ணோம், முடியல. அப்புறம் ஒருத்தன் 'ட்ரை கிளீனிங் த ஃபில்டர்'ங்கறான், ஃபில்டர சுத்தம் பண்ணிப் பாருங்கற யோசனை. சுத்தம் பண்றது கஷ்டமான வேலை இல்ல, பண்ணா பலன் இருக்கான்னு பாக்குறதுதான் விஷயம். தமிழ்ல 'பண்ணிப் பாரு' வந்தா பெரும்பாலும் இங். பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா 'தூக்கிப் பாத்தேன், முடியல'ன்னும் சொல்றோமே, அங்க அது முயற்சிதான், டு வரும். இங்கிலீஷ்ல 'மீன்' (mean)னு ஒரு வெர்பும் இருக்கு, 'ஐ டிடின்ட் மீன் டு ஹர்ட் யூ', வேணும்னு பண்ணல, 'பையிங் எ போட் மீன்ஸ் டேக்கிங் எ லோன்', படகு வாங்குறதுன்னா கடன் வாங்குறதுன்னு அர்த்தம். நீடு: 'ஐ நீடு டு மெண்ட் த நெட்' நான் சரி பண்ணணும், 'த நெட் நீட்ஸ் மெண்டிங்' வலைய சரி பண்ணணும், வலைக்கு கை கிடையாது அதனால இங்.

லவ், லைக், ஹேட், பிகின், ஸ்டார்ட், கன்டினியூ, இதுகளுக்கு ரெண்டும் சரி, பெருசா வித்தியாசம் கிடையாது, தலைய உடைச்சுக்காதீங்க. அதனாலதான் உங்க 'லவ் டு ஸ்விம்' பாஸ் ஆகி 'என்ஜாய் டு ஸ்விம்' ஃபெயில் ஆச்சு, அர்த்தம் ஒண்ணுதான், வழக்கம் வேற. ரெண்டே எச்சரிக்கை: 'வுட் லைக்', 'வுட் லவ்' வந்தா டு மட்டும்தான், 'ஐ வுட் லைக் டு ஜாயின்'. ஸ்டார்ட்டே இங்-ல இருந்தா பின்னாடி இன்னொரு இங் போடாதீங்க, 'இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்'.

லெட், மேக் ரெண்டுக்கும் டு-வும் கிடையாது இங்-கும் கிடையாது, 'தே மேட் அஸ் வெயிட்', 'லெட் ஹிம் கோ'. ஆனா மேக் பாஸிவா, அதாவது செயப்பாட்டு வினையா, மாறினா டு திரும்ப வந்துடும், 'வி வேர் மேட் டு வெயிட்'. இத பேங்க் எக்ஸாம்ல பாத்தா அப்படியே டிக் அடிக்கலாம். ஹெல்ப் எப்படி வேணாலும் போகும், 'ஹெல்ப்ட் மி புஷ்', 'ஹெல்ப்ட் மி டு புஷ்'.

வாக்கியத்த ஆரம்பிக்கிற இடத்துல காரியம் வந்தா இங்-கே இயல்பு. 'கேட்சிங் ஸீ கியூகம்பர்ஸ் இஸ் இல்லீகல்', 2001ல இருந்து கடல் அட்டை பிடிக்கத் தடைங்கறது மண்டபம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'டு கேட்ச்'னு ஆரம்பிச்சா இலக்கணப்படி தப்பு இல்ல, ஆனா பேச்சுல மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், அத 'இட் இஸ் இல்லீகல் டு கேட்ச் தெம்'னு திருப்பிப் போட்டா டு அழகா உக்காந்துடும். ஈஸி, டிஃபிகல்ட், ஹேப்பி, ரெடி மாதிரி வார்த்தைக்கு அப்புறம் டு. பிஸி, வொர்த், நோ யூஸ், ஸ்பெண்ட் டைம், ஹேவ் டிஃபிகல்டி, கான்ட் ஹெல்ப், இதுகளுக்கு இங்: 'ஷி இஸ் பிஸி டிரையிங் ஃபிஷ்', 'ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்'. டிஃபிகல்ட்டுக்கு டு, டிஃபிகல்டிக்கு இங், ஒரு எழுத்துதான் வித்தியாசம், கேள்வி எடுக்கிறவங்களுக்கு இது அல்வா.

படிக்கிற விதத்துக்கு என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: வெர்ப தனியா எழுதி வைக்காதீங்க, பின்னாடி வர்றதோட சேத்து ஒரு துண்டா எழுதுங்க, 'அவாய்ட் கோயிங்', 'டிசைட் டு கோ', அதுவும் உங்க வீட்டுல நிஜமா நடந்த வாக்கியமா. அம்மா மார்க்கெட்டுக்குப் போறத தள்ளிப் போட்டாங்களா, 'மை மதர் போஸ்ட்போன்ட் கோயிங் டு த மார்க்கெட்'. வாய்விட்டுச் சொல்லுங்க. எக்ஸாம் ஹால்ல லிஸ்ட் ஞாபகம் வராது, காது ஞாபகம் வரும்.

கேக்காத ஒண்ணு, ஆனா நிச்சயம் அடுத்து கேப்பீங்க: 'நாட்' எங்க போடணும்னு. ரெண்டு உருவத்துக்கும் முன்னாடிதான். 'ஹி டிசைடட் நாட் டு கோ', 'ஐ ரிக்ரெட் நாட் கோயிங்'. 'டு நாட் கோ'ன்னு இங்கிலீஷ்காரங்களே பேச்சுல சொல்றத யூடியூப்ல கேப்பீங்க, பேச்சுல அது ஓடும், எக்ஸாம்ல மட்டும் 'நாட் டு கோ'ன்னே எழுதிடுங்க.